எழுத்து பிந்தி விழுந்த எடிட்டர்: பாமினியா, யூனிகோடா, பந்தியா?

கொட்டாஞ்சேனையில் தமிழ்ப் புத்தகங்களுக்குக் கணினி வடிவமைப்புச் செய்யும் ஓர் அறை. மெய்ப்புத் திருத்துவதற்கென்று அங்கேயே எழுதிய சிறு எடிட்டர் ஒன்று இருக்கிறது: பைதான் மொழி, சாளரங்களையும் உரைப்பெட்டியையும் தரும் ஜிடிகே 3.24 நூலகம், அதன்மேல் ஜிடிகே சோர்ஸ்வியூ 4. கணினி கோர் ஐ3-4130, 8 ஜிபி நினைவகம், 1920×1080 மொனிட்டர், உபுண்டு 22.04. பாமினியில் (ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய எழுத்துரு) தட்டிய பழைய நூல் ஒன்றை, எல்லா மொழிக்கும் பொதுவான குறியீடான யூனிகோடுக்கு மாற்றி இந்த எடிட்டரில் திறந்ததும் தொல்லை தொடங்கியது. அழுத்திய எழுத்து திரையில் விழக் கால் செக்கனுக்கு மேல் பிந்துகிறது. அழிக்கும் விசையைப் பிடித்தால், விரலை எடுத்த பிறகும் எழுத்துகள் அழிந்துகொண்டே போகின்றன. ஒரு சொல்லை அழிக்கப் போய் ஒரு வசனம் போய்விடுகிறது.

“பாமினியில நல்லாத்தானே ஓடினது” என்று அறையில் எல்லோரும் சொன்னார்கள். அடுத்து வந்தது “அப்ப பாமினிக்கே திரும்புவம்” என்ற பேச்சு. இதை உடனே பார்க்க வேண்டும் என்று ஆக்கியது அந்த இரண்டாவது வசனம்தான். பாமினியில் கிடக்கும் நூல் தேடலில் அகப்படாது. எழுத்துருவை எடுத்துவிட்டால் ஆங்கில எழுத்துக் குவியலாகிவிடும். அகரவரிசைப்படுத்த முடியாது, கண் தெரியாதவர்களுக்குக் கணினி வாசித்துக் காட்டவும் முடியாது. இவ்வளவையும் கடந்து வந்த பிறகு ஒரு திரைத் தாமதத்துக்காகத் திரும்பிப் போகக் கூடாது. ஆனால் யூனிகோட் குற்றவாளி இல்லை என்று வாயால் சொல்லி யாரும் நம்பப் போவதில்லை. அளந்து காட்ட வேண்டும்.

அளக்கும் முறை

“மெதுவாக இருக்கிறது” என்ற சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு நோய்கள் இருக்கலாம். விசையை அழுத்தியதில் இருந்து எழுத்து தெரியும்வரை பிந்துவது ஒன்று. உருட்டும்போது திரை விட்டுவிட்டு நகர்வது இன்னொன்று. கணினி முழுவதுமே சோர்ந்து கிடப்பது மூன்றாவது. 60 ஹேர்ட்ஸ் மொனிட்டர் 16.7 மில்லிசெக்கனுக்கு ஒரு தடவை திரையைப் புதுப்பிக்கிறது. எடிட்டர் தன் பங்கை அதற்குள் முடிக்காவிட்டால் எழுத்து அடுத்த சுற்றுக்குத் தள்ளிப்போகும்.

அளப்பதற்குச் செக்கனுக்கு 240 பிரேம் எடுக்கும் கைத்தொலைபேசி போதும். ஒரு பிரேம் 4.17 மில்லிசெக்கன். விசைப்பலகையின் எண் வரிசையும் திரையில் கர்சர் நிற்கும் இடமும் ஒரே படத்துக்குள் வரும்படி போனைச் சாய்த்து நிறுத்த வேண்டும். உள்ளீட்டை ஆங்கிலத்துக்கு மாற்றி, 5 என்ற விசையைப் பத்துத் தடவை, இடையில் 2 செக்கன் விட்டு விட்டு அழுத்த வேண்டும். தமிழ் எழுத்தை அழுத்தாததற்குக் காரணம் உண்டு: ரெங்கநாதன் என்ற தமிழ் விசைப்பலகை அமைப்பில் எழுத்தைச் சேர்க்கும் வேலை எடிட்டருக்கு வெளியே, ஐபஸ் என்ற உள்ளீட்டு நிரலில் நடக்கிறது. அதை எடிட்டரின் கணக்கில் எழுதக் கூடாது. பிறகு தனியாக அளந்தபோது ஐபஸ் கூட்டியது ஒரு பிரேமுக்குள் அடங்கியது.

படத்தைப் பிரேம் பிரேமாக நகர்த்தி, விசை அடியைத் தொட்ட பிரேமில் இருந்து எழுத்து தெரிந்த பிரேம்வரை எண்ண வேண்டும். பத்தில் கூடியதையும் குறைந்ததையும் விட்டுவிட்டு மிச்சம் எட்டின் சராசரியை எடுக்கலாம். சோக் வைத்த பழைய ரியூப் லைட்டின் கீழே படம் பிடிக்க வேண்டாம். இங்கே மின்சாரம் 50 ஹேர்ட்ஸ்; அந்த வெளிச்சம் செக்கனுக்கு 100 தடவை மினுங்கும். 240 பிரேமில் அது பட்டை பட்டையாக ஓடி, விசை எப்போது அடியைத் தொட்டது என்பதை மறைத்துவிடும். ஜன்னல் வெளிச்சம் நல்லது.

முதல் அளவு: சிக்கலான கோப்பில் 66 பிரேம், அதாவது 275 மில்லிசெக்கன். அதே எடிட்டரில் வெறுமையான புதுக் கோப்பில் 14 பிரேம், 58 மில்லிசெக்கன்.

வெற்றுக் கோப்புக்கே 14 பிரேம் ஏன்

ஒன்றுமே இல்லாத கோப்பில் ஓர் எண் விழ 58 மில்லிசெக்கன் என்பது அதிகம். எடிட்டரைத் தொடுவதற்கு முன்னர் கணினியைப் பார்க்க வேண்டும் என்பதற்கு அந்த எண்ணே சாட்சி. சாளரம் ஒன்றைப் பிடித்து இழுத்தாலும் அது கிழிந்து கிழிந்துதான் நகர்ந்தது.

மெசா யூட்டில்ஸ் பொதியை நிறுவி, ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ கட்டளையைப் பெரிய ‘பி’ தெரிவோடு ஓட்டினால், திரையை யார் வரைகிறார் என்பது ஒரு வரியில் தெரியும். இன்டெல் எச்டி கிராஃபிக்ஸ் 4400 என்று வரவேண்டிய இடத்தில் எல்எல்விஎம்பைப் என்று வந்தது. வரைகலைச் சில்லு சும்மா இருக்க, அதன் வேலையையும் சிபியுவே செய்கிறது என்று அதற்கு அர்த்தம். இயக்குதளத்தின் கருவான கேர்னல் எந்தத் தெரிவுகளோடு தொடங்கியது என்று பார்த்தபோது, வரைகலைச் சில்லின் இயக்கியை ஒதுக்கிவைக்கும் நோமோட்செட் என்ற சொல் அங்கே இருந்தது. நிறுவிய அன்று திரை இருட்டாக வந்ததற்கு யாரோ போட்ட தற்காலிக மருந்து அது. அப்படியே நின்றுவிட்டது.

இதை நேரே கோப்பில் அழித்துவிட்டு மறுதொடக்கம் செய்யக் கூடாது. அன்று திரை இருட்டானதற்கு உண்மையான காரணம் இருந்திருந்தால் இன்றும் இருட்டாகும். கணினி எழும்பும்போது எஸ்கேப் விசையால், இயக்குதளத்தைத் தொடக்கிவைக்கும் கிரப் நிரலின் பட்டியலை எடுத்து, ‘ஈ’ விசையை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியில் அந்த ஒரு சொல்லை மட்டும் அழித்து, கன்ட்ரோல் எக்ஸ் அழுத்தித் தொடங்கலாம். அந்த ஒரு தடவைக்கு மட்டும்தான் மாற்றம் செல்லும். திரை ஒழுங்காக வந்தது. பிறகுதான் இடிசி அடைவில், டிஃபோல்ட் உள்ளே இருக்கும் கிரப் கோப்பில் சொல்லை நீக்கி, அப்டேட்-கிரப் ஓட்டினோம்.

வெற்றுக் கோப்பு 14இல் இருந்து 8 பிரேமுக்கு இறங்கியது: 33 மில்லிசெக்கன். விசைப்பலகையும் கேர்னலும் மொனிட்டரும் சேர்ந்து எடுக்கும் நேரம் இது; எடிட்டரைத் திருத்தி இதற்குக் கீழே போக முடியாது. சிக்கலான கோப்பு 66இல் இருந்து 52ஆனது, 217 மில்லிசெக்கன். ஜிடிகே 3 எழுத்துகளைக் கெய்ரோ என்ற வரைநூலகம் மூலம், பெரும்பாலும் சிபியுவிலேயே வரைகிறது. வரைகலைச் சில்லு விழித்ததால் மிச்சமானது சாளரங்களை ஒன்றுசேர்க்கும் வேலைதான். எழுத்தை அமைக்கும் வேலை குறையவில்லை. ஆக இது உண்மையான பழுதுதான், ஆனால் தேடிய பழுது இல்லை.

தவறிய இரண்டு ஊகங்கள்

சூடு. கொழும்பில் குளிரூட்டி இல்லாத அறையில் மத்தியானம் கணினி மெதுவாவது வழக்கமான விஷயம். தூசியும் கடற்காற்றும் சேர்ந்து சிபியுவின் வெப்பம் கடத்தியை அடைத்துவிடும். இன்டெல் கணினியில் சிஸ் அடைவின் கீழே ஒவ்வொரு சிபியுவுக்கும் தேர்மல் த்ரொட்டில் என்ற அடைவு உண்டு. சூட்டினால் எத்தனை தடவை வேகம் குறைக்கப்பட்டது என்ற எண்ணிக்கை அதற்குள் இருக்கும். பூச்சியம். வெப்பப் பசை வாங்க, கணினிக் கடைகள் உள்ள யுனிட்டி பிளாசாவுக்குப் போகத் தேவையில்லை.

எழுத்துரு. அறையின் கணினியில், எழுத்துருக்களைப் பட்டியலிடும் எஃப்சி-லிஸ்ட் கட்டளை 1,874 வரி கொடுத்தது. பெரும்பாலும் பாமினி வகைக் குறியீட்டில் செய்த அலங்கார எழுத்துருக்கள். எடிட்டருக்குத் தெரிந்தெடுத்த சம அகல எழுத்துருவில் தமிழ் இல்லையென்றால், எழுத்துரு தேடிக்கொடுக்கும் ஃபொண்ட்கொன்ஃபிக் நூலகம் இந்தக் கூட்டத்துக்குள் தேடித்தான் ஒன்றைக் கொண்டுவர வேண்டும். சந்தேகம் நியாயமானது. நாளாந்தம் தேவைப்படும் 60 போக மிச்சத்தை வேறு அடைவுக்கு நகர்த்தி, எஃப்சி-கேஷ் ஓட்டி, எடிட்டரின் எழுத்துருவை நேரடியாக நோட்டோ சான்ஸ் தமிழ் என்று வைத்து அளந்தோம். எடிட்டர் திறக்கும் நேரம் கண்ணுக்குத் தெரியக் குறைந்தது. தட்டும் தாமதம் அதே 52. எழுத்துருத் தேடல் முதல் தடவை மட்டும் நடந்து, பிறகு நினைவில் வைக்கப்படுகிறது. ஒவ்வொரு விசைக்கும் திரும்ப நடப்பதில்லை. எழுத்துருக்களைக் குறைத்தது வீண் இல்லை, ஆனால் நோய் அங்கே இல்லை.

திரையே சொன்ன விடை

ஜிடிகேயில் இன்ஸ்பெக்டர் என்ற பரிசோதனைச் சாளரம் உள்ளேயே இருக்கிறது. ஜிடிகே டீபக் என்ற சூழல் மாறிக்கு இன்டராக்டிவ் என்று மதிப்புக் கொடுத்து எடிட்டரைத் தொடங்கினால் அது கூடவே திறக்கும். அதன் விஷுவல் பகுதியில், திரையில் எந்த இடம் மீண்டும் வரையப்படுகிறது என்று நிறமடித்துக் காட்டும் தெரிவு ஒன்று உண்டு. அதைப் போட்டுவிட்டு, எதையும் தட்டாமல் கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டும்.

வெற்றுக் கோப்பில் கர்சர் சிமிட்டும்போது ஒரு வரி உயரத்துக்கு மட்டும் நிறம் மின்னியது. சிக்கலான கோப்பில் கர்சரின் ஒவ்வொரு சிமிட்டலுக்கும் திரை முழுவதும் மின்னியது. ஒரு கர்சர் சிமிட்ட ஏன் முழுத் திரையும்?

இன்னொரு அடையாளமும் கிடைத்தது. டொப் கட்டளையில் எடிட்டரின் சிபியுப் பங்கு, தட்டுவதை நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் இறங்காமல் நின்று, 10 செக்கனில் திடீரென்று பூச்சியமானது. ஜிடிகேயில் கர்சர் 1.2 செக்கனுக்கு ஒரு தடவை சிமிட்டும். 10 செக்கன் யாரும் தொடாவிட்டால் சிமிட்டலை நிறுத்திவிடும். அந்த 10 என்ற எண்ணைக் கண்டால் கர்சரைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

இவ்வளவும் செய்த பிறகு கண் போனது இடது ஓரத்துக்கு. அங்கே வரி எண் 3 என்று ஒன்று இருந்தது. அதற்குக் கீழே திரை முடியும்வரை எண்ணே இல்லை. கர்சர் நிற்கும் வரிக்கு இளமஞ்சள் பூசும் வசதி முழுத் திரையையும் மஞ்சளாக்கியிருந்தது. அறையில் எல்லோரும் அதைப் பக்கத்தின் நிறம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். வரிக் கணக்கெடுக்கும் டபிள்யூசி கட்டளையை ஓட்டினால் முழு நூலுக்கும் 7 வரி. ஏழு அத்தியாயங்கள், ஏழு வரிகள்.

ஆனால் கண்ணுக்குப் பந்திகள் ஒழுங்காகப் பிரிந்துதான் தெரிந்தன. அங்கேதான் சூட்சுமம். பாமினியில் இருந்து மாற்றிய நிரல், பந்தி முடிவுகளைச் சாதாரண வரிமுடிவாக எழுதாமல் யூ+2028 என்ற யூனிகோட் வரிப்பிரிப்பானாக எழுதியிருந்தது. ஜிடிகேக்காக உரையை வரிகளாக அமைக்கும் பாங்கோ நூலகம் அந்தக் குறியைக் கண்டால் திரையில் அடுத்த வரிக்குப் போகும். ஆனால் அதைப் பந்தி முடிவாக எண்ணாது. ஜிடிகேயின் உரைப்பெட்டிக்கு வரி என்பது வரிமுடிவு, கேரேஜ் ரிட்டேர்ன், யூ+2029 என்ற பந்திப் பிரிப்பான் இவற்றுக்கு இடையில் உள்ளது. ஆகவே 30,000 குறிகள் கொண்ட முழு அத்தியாயமும் அதன் கணக்கில் ஒரே பந்தி. கோப்பில் 412 வரிப்பிரிப்பான்கள் இருந்தன.

ஒரு பந்திக்கு ஒரு பாங்கோ லேஅவுட் என்பதுதான் ஜிடிகே உரைப்பெட்டியின் அமைப்பு. அந்தப் பந்தியில் ஓர் எழுத்து மாறினாலும் லேஅவுட் முழுவதும் செல்லாமல் போய்விடும். எழுத்துமுறைப்படி உரையைத் துண்டாக்குவது, எங்கே வரி மடக்கலாம் என்று பார்ப்பது, ஒவ்வொரு துண்டையும் ஹார்ஃப்பஸ் என்ற நூலகத்திடம் கொடுத்து எழுத்து வடிவங்களை வாங்குவது, அகலத்தைக் கூட்டி வரிகளை மடக்குவது எல்லாம் பந்தியின் முதல் எழுத்தில் இருந்து திரும்ப நடக்கும். 500 குறிகள் உள்ள பந்திக்கு இது ஒன்றுமில்லாத வேலை. 30,000க்கு அப்படியில்லை.

உறுதிப்படுத்த, சிபியுவின் நேரம் எந்தச் செயற்பாட்டில் போகிறது என்று காட்டும் பெர்ஃப் கருவியை ஓட்டினோம். உபுண்டுவில் சாதாரணப் பயனருக்கு அது பூட்டப்பட்டிருக்கும். பெர்ஃப் ஈவென்ட் பரனொய்ட் என்ற கேர்னல் மதிப்பு 4இல் நிற்கும். தற்காலிகமாக 1க்கு இறக்கினால் சொந்த நிரல்களைப் பார்க்கலாம். ஓடிக்கொண்டிருக்கும் எடிட்டரின் செயல்முறை இலக்கத்தைக் கொடுத்து, செக்கனுக்கு 99 மாதிரி வீதம், அழைப்புச் சங்கிலியோடு, 20 செக்கன் தட்டிக்கொண்டே பதிவுசெய்ய வேண்டும். ஒழுங்கான 100 வேண்டாம். கணினிக்குள் 100இன் மடங்கில் ஓடும் மணிகளோடு ஒத்துப்போய்ப் பொய்யான படம் தரும். மாதிரிகளில் பாதிக்கு மேல் பாங்கோவின் வரி சரிபார்ப்புச் செயற்பாட்டின் கீழ் குவிந்திருந்தன. கெய்ரோவில், அதாவது உண்மையாகவே வரையும் இடத்தில், இருந்தது மிகக் கொஞ்சம். திரை மெதுவாக வரையப்படுகிறது என்று எல்லோரும் சொன்னது உண்மையில் வரைவதற்கு முந்திய கணக்கு.

யூனிகோடின் பங்கு எவ்வளவு

கோப்பு பாமினியில் இருந்து யூனிகோடானபோது இரண்டு விஷயங்கள் ஒரே நேரத்தில் மாறின: குறியீடும் பந்திப் பிரிப்பும். கண்ணுக்குத் தெரிந்தது குறியீடு. பழி அதன்மேல் விழுந்தது. இரண்டையும் பிரித்துப் பார்க்க அதே நூலை நான்கு விதமாகச் சேமித்து, எடிட்டரில் இருந்த எழுத்துப்பிழை பார்க்கும் வசதியை நிறுத்திவிட்டு அளந்தோம்.

பாமினி, பிரித்த பந்திகள்: 9 பிரேம்.
யூனிகோட், பிரித்த பந்திகள்: 10 பிரேம்.
பாமினி, அத்தியாயத்துக்கு ஒரே பந்தி: 24 பிரேம்.
யூனிகோட், அத்தியாயத்துக்கு ஒரே பந்தி: 35 பிரேம்.

பந்தி ஒழுங்காக இருந்தால் பாமினிக்கும் யூனிகோடுக்கும் வித்தியாசம் ஒரு பிரேம், 4 மில்லிசெக்கன். பந்தி கெட்டால் பாமினியும் சேர்ந்தே படுத்துவிடுகிறது. அறையில் வாதம் முடிந்தது இந்த நான்கு வரியோடுதான். எட்டுப் பக்க விளக்கம் கொடுத்திருந்தாலும் முடிந்திருக்காது.

24க்கும் 35க்கும் உள்ள இடைவெளி எதனால் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது உண்மை. “கொழும்பு” என்ற சொல்லை எடுங்கள். பாமினியில் அது 7 குறி, 7 பைட். ஒவ்வொரு குறிக்கும் ஒரு வடிவம், இருக்கும் வரிசையிலேயே வைத்தால் முடிந்தது. யூனிகோடில் 8 குறி, யூடிஎஃப்-8இல் 24 பைட். அதற்கு மேல் ஹார்ஃப்பஸ் அசைகளைப் பிரிக்க வேண்டும், ஒகர உயிர்க்குறியை இரண்டாகப் பிளந்து கொம்பைக் ககரத்துக்கு முன்னால் வைக்க வேண்டும், ழகரமும் உகரமும் சேர்ந்து ‘ழு’ ஆவதை எழுத்துருவின் அட்டவணையில் தேட வேண்டும். பாமினியில் இந்த வேலைகளைத் தட்டச்சு செய்பவர் தன் விரலால் செய்துவிடுகிறார்; யூனிகோடில் கணினி செய்கிறது. கணினிதான் செய்ய வேண்டும். 500 குறிப் பந்திக்கு அது கேட்கும் விலை அந்த 4 மில்லிசெக்கன் அளவுதான்.

தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் ஒரே பந்தியில் கலந்து வரும் மும்மொழிப் படிவம் ஒன்றையும் சோதித்தோம். கொழும்பில் வேலை செய்பவர்களுக்கு இது அன்றாடம். எழுத்துமுறை மாறும் ஒவ்வோர் இடத்திலும் துண்டு கூடும்தான். ஆனால் சிறிய பந்திகளில் அதே 10 பிரேமுக்குள் நின்றது.

அழிக்கும் விசை ஏன் விரலை எடுத்த பிறகும் ஓடியது என்பதும் இப்போது கணக்கில் வருகிறது. உபுண்டுவின் மேசைத்தளமான க்னோம் இயல்பாக 30 மில்லிசெக்கனுக்கு ஒரு தடவை விசையைத் திரும்ப அனுப்பும். 35 பிரேமில் அடிப்படையான 8ஐக் கழித்தால் எடிட்டரின் வேலை மட்டும் 113 மில்லிசெக்கன். திரும்ப அனுப்பத் தொடங்கிய பிறகு ஒரு செக்கன் பிடித்தால் 33 அழிப்புகள் வரிசையில் சேரும். அவற்றை முடிக்க 3.7 செக்கன் வேண்டும். விசை நிகழ்வுகளை ஜிடிகே ஒன்றாகச் சேர்த்து விடுவதில்லை, ஒவ்வொன்றாகத்தான் முடிக்கும். மெய்ப்புத் திருத்துபவருக்கு இது வெறும் எரிச்சல் இல்லை. நூலாசிரியரின் வசனம் ஒன்று யாருக்கும் தெரியாமல் காணாமல் போகும் வழி.

திருத்தம்

கோப்பைத் திருத்துவது ஒரு கட்டளை. முதலில் பிரதி எடுத்துவைத்து, செட் கட்டளையால் ஈ2 80 ஏ8 என்ற மூன்று பைட்டையும் சாதாரண வரிமுடிவாக மாற்றினோம். 7 வரி 419 ஆனது. பிழை பார்க்கும் வசதியைத் திரும்பப் போட்டு அளந்தால் 22 பிரேம். 52இல் இருந்து 22 என்பது பெரிய இறக்கம், ஆனால் அந்த வசதி இல்லாமல் 10 என்று அளந்திருக்கிறோமே. மிச்சம் 12 பிரேமை, 50 மில்லிசெக்கனை, பிழை பார்க்கும் நிரல் தின்கிறது.

அந்த நிரலைத் திறந்ததில் மூன்று குற்றங்கள். முதலாவது எளிது: ஒவ்வொரு விசைக்கும் முழு நூலையும் முதலில் இருந்து வாசித்தது. இரண்டாவது, சொல்லின் இடத்தைக் கோப்பின் தொடக்கத்தில் இருந்து எண்ணிய தூரமாக வைத்துத் தேடியது. ஜிடிகே வரிகளை மரமாக அடுக்கி வைத்திருப்பதால் வரியைக் கண்டுபிடிப்பது விரைவு. ஆனால் வரிக்குள்ளே குறி குறியாகத்தான் நடந்து போகும். 30,000 குறி வரியில் கடைசிச் சொல்லுக்கு ஒவ்வொரு தடவையும் 30,000 அடி.

மூன்றாவதுதான் தமிழில் எழுதும் எல்லா நிரலாளரும் தெரிந்துவைக்க வேண்டியது. சொற்களைப் பிரிக்கப் பைதானின் வழக்கமான ஒழுங்குக் கோவையில் (ரெகுலர் எக்ஸ்பிரஷன்) ‘சொல்லெழுத்து’ என்ற வகுப்பைப் பயன்படுத்தியிருந்தார்கள். பைதானோடு வரும் அந்த நூலகம் தமிழ் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் சொல்லெழுத்தாக ஏற்பதில்லை. “கொழும்பு” அதற்கு க, ழ, ம, ப என்று நான்கு உதிரி எழுத்துகள். “மரம்” என்பது புள்ளி போய் “மரம” ஆகி, அகராதியில் இல்லை என்று சிவப்புக் கோடு வாங்கும். சரியான சொற்களுக்கெல்லாம் கோடு விழுவதைப் பார்த்து “செக்கர் தமிழுக்குச் சரிவராது” என்று அறையில் அதைக் கவனிப்பதையே விட்டிருந்தார்கள். தேவையில்லாத ஆயிரக்கணக்கான கோடுகளைப் போட்டு அழித்துப் போட்டு அழித்துத்தான் அந்த 50 மில்லிசெக்கன் போயிருக்கிறது. வகுப்பை நீக்கி, யூனிகோடில் தமிழுக்கென்று ஒதுக்கிய 128 இடங்களையும் ஒரே வீச்சாகக் கொடுத்ததும் சொற்கள் சொற்களாயின. வேகத்தைத் தேடிப் போன இடத்தில் பிழை பார்க்கும் வசதியும் உயிர்பெற்றது. இந்த வேலையில் மிகவும் மகிழ்ச்சி தந்தது அதுதான்.

மிச்சத்தை இப்படி மாற்றினோம். எழுத்துச் சேரும்போதும் அழியும்போதும் மாறிய பகுதியின் இரு முனைகளையும் மார்க்குகளாக (உரையோடு சேர்ந்து நகரும் அடையாளங்களாக) நிரல் குறித்து வைக்கிறது. ஐடரேட்டராக (அந்தக் கணத்து இடத்தை மட்டும் காட்டும் சுட்டியாக) வைக்கக் கூடாது. உரை மாறிய கணமே அது செல்லாது, பயன்படுத்தினால் முனையத்தில் எச்சரிக்கை வரும், சில வேளை நிரலே விழும். கடைசி விசைக்குப் பிறகு 300 மில்லிசெக்கன் அமைதியாக இருந்தால் மட்டும் பார்க்கும். அதற்குள் இன்னொரு விசை வந்தால் பழைய மணியை நீக்கிப் புதிதாக வைக்கும். பார்ப்பது மாறிய பந்தியை மட்டும். கோப்பைத் திறந்ததும் திரையில் தெரியும் பந்திகளையும், உருட்டும்போது புதிதாகத் தெரிபவற்றையும் பார்க்கும். இடத்தைக் கேட்பது வரி இலக்கமும் வரிக்குள் தூரமுமாக.

கோட்டின் முனைகள் அசையின் நடுவில் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சிவப்புக் கோட்டுக்கு அவ்வளவு ஆபத்தில்லை. ஆனால் தேடிய சொல்லைத் தடித்த எழுத்தாக்கும் வசதி மெய்க்கும் உயிர்க்குறிக்கும் நடுவில் தொடங்கினால் அங்கே எழுத்துரு மாறுகிறது, துண்டு பிரிகிறது, உயிர்க்குறி தனியே புள்ளி வட்டத்தோடு தொங்கும். கர்சர் நிற்கக்கூடிய இடத்துக்கு நகர்த்தும் செயற்பாட்டை ஜிடிகேயே தருகிறது. முனைகளை அதனால் சரிசெய்யலாம்.

கடைசி அளவு, எல்லா வசதியும் போட்டபடி: 10 பிரேம், 42 மில்லிசெக்கன். அழிக்கும் விசையை விட்டால் அந்த இடத்திலேயே நிற்கிறது.

ஜிடிகே 4க்கு மாற்றினால் இதெல்லாம் தானாகத் தீராதா என்ற கேள்வி வந்தது. அங்கே எழுத்து வடிவங்களை வரைகலைச் சில்லு வரையும், அது நல்லது. ஆனால் பந்தியை அமைக்கும் கணக்கு அங்கேயும் பாங்கோவில், சிபியுவில்தான். நீண்ட வரி எல்லா எடிட்டருக்கும் எதிரி: விம் இயல்பாக வரியின் 3,000ஆவது நெடுவரிசைக்கு அப்பால் நிறமிடுவதை விட்டுவிடும், ஈமாக்ஸ் 29 நீண்ட வரிக்கென்று 50,000 குறி எல்லை ஒன்றை வைத்திருக்கிறது, விஷுவல் ஸ்டூடியோ கோட் 10,000 குறிக்குப் பிறகு வரியைக் காட்டுவதையே நிறுத்தும்.

இப்போது எடிட்டர் கோப்பைத் திறக்கும்போதே யூ+2028ஐத் தேடுகிறது. 5,000 குறிக்கு மேற்பட்ட பந்தி இருந்தால் மேலே ஒரு பட்டையில் வரி இலக்கத்தோடு சொல்கிறது. தானாக மாற்றுவதில்லை, கேட்டுத்தான் மாற்றும். காரணம் கவிதை. கவிதைத் தொகுப்பில் ஒரு செய்யுளின் அடிகளை ஒரே பந்திக்குள் வைத்திருக்க அதே குறியைத் தெரிந்தே போட்டிருப்பார்கள். அதை வரிமுடிவாக மாற்றினால், பக்க வடிவமைப்பில் ஒவ்வோர் அடியும் தனிப் பந்தியாகி, அடிக்கு அடி பந்தி இடைவெளி விழுந்து, செய்யுள் சிதறிவிடும். அப்படியான கோப்பில் செய்யுளுக்கும் செய்யுளுக்கும் இடையில் மட்டும் வரிமுடிவு இருக்கிறதா என்று பார்த்து, இல்லாத இடத்தில் கையால் போட வேண்டும். இருபது முப்பது அடிச் செய்யுள் ஒரே பந்தியாக இருந்தாலும் எடிட்டருக்குப் பாரம் இல்லை.